மயில் போட்ட நன்றி அட்டை

சிவகாசியில் அச்சகம் வைத்திருப்பவனுக்கு நன்றி சொல்லத் தெரியாதா? ஆர்டர் கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் சீசன் முடிந்ததும் காலண்டரும் ஸ்வீட் பெட்டியும் எடுத்துக்கொண்டு நானே போவேன். அதனால், அமெரிக்க மருத்துவமனைகளில் மேற்படிப்புக்காக நேர்காணல் முடித்த என் டாக்டர் மகள், "பேசுன டாக்டருகளுக்கெல்லாம் நன்றி எழுதணும்ப்பா" என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. போன வருடம் அவளுக்கு எங்கேயும் இடம் கிடைக்கவில்லை. இதுதான் கடைசி முயற்சி என்று அவளே சொல்லியிருந்தாள். விடுவேனா? யாரையும் கேட்காமல் ஒரு கட்டு அட்டை அடித்துவிட்டேன். கெட்டி அட்டை, தங்க எழுத்து, மூலையில் மயில். பழக்கதோஷத்தில் அடியில் அச்சகத்தின் பெயரும் செல் நம்பரும்.

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அமெரிக்கா டாக்டரு கல்யாணப் பத்திரிகைக்கு ஆர்டர் குடுப்பாருன்னு பாக்கீகளா? எல்லாம் ஈமெயில்தாம்ப்பா."

"சரி, ஒரே மேட்டர வச்சுக்கிட்டு பேர மட்டும் மாத்தி அனுப்பு. நம்ம பத்திரிகை அடிக்கிறது அப்படித்தான?"

"அது அவுகளுக்குத் தெரிஞ்சுரும்ப்பா."

ஆளுக்கு நாலு வரிதான். அதற்கே மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு டாக்டரும் என்ன கேட்டார், எதற்குச் சிரித்தார், எந்த இடத்தில் அவளைத் திருத்தினார் என்று யோசித்து யோசித்து எழுதினாள். தன்னைப் பற்றி ஒரு பெருமை வரி கிடையாது, இடம் கொடுங்கள் என்ற கெஞ்சலும் கிடையாது. அவள் தமிழில் சொல்லிக் காட்டியபோது எனக்குப் பொறாமையாகவே இருந்தது. நான் அச்சடித்த நன்றிகளில் ஒன்றுகூட இப்படி இருந்ததில்லை.

எல்லாம் அனுப்பி முடித்தபின், என் அட்டையில் ஒன்றை எடுத்து அதில் ஏதோ எழுதினாள். "ஆமத்தூர் வரைக்கும் போய்ட்டு வருவமாப்பா?" என்றாள்.

அங்கே ஒரு பெண். பட்டாசு ஆலை விபத்தில் கையும் கழுத்தும் வெந்தவர். விருதுநகரில் மகள் பயிற்சி டாக்டராக இருந்தபோது அவருக்குக் கட்டு மாற்றியிருக்கிறாள். கட்டைப் பிரிக்கும் வலியிலும், "நீங்க சாப்பிட்டீகளா டாக்டரம்மா?" என்று கேட்பாராம். மறக்க முடியாத நோயாளி யார் என்று நேர்காணலில் கேட்டபோதெல்லாம், பெயர் சொல்லாமல் அவரைப் பற்றித்தான் பேசினேன் என்றாள் மகள்.

அமெரிக்க நேர்காணலில் அவரைப் பற்றிப் பேசியதை மகள் தமிழில் எழுதியிருந்தாள். அந்த அம்மா அட்டையை எழுத்துக்கூட்டிக் கடைசிவரை படித்தார். "அப்ப எடம் கெடச்சிருச்சாம்மா?"

"இன்னும் இல்லக்கா."

"கெடைக்கிறதுக்கு முன்னாடியேவா நன்றி சொல்ல வந்தீக?"

எனக்குச் சுருக்கென்றது. என் ஸ்வீட் பெட்டியெல்லாம் அடுத்த ஆர்டரை நினைத்துப் போனவை. என் மகள் எதை நினைத்தும் அங்கே போகவில்லை. அவளைப் பெற்றதற்கு அன்றைக்கு எனக்கு அவ்வளவு கர்வமாக இருந்தது.

மறுவாரம் அச்சகத்தில் போன் அடித்தது. "அட்டையில நம்பர் இருந்துச்சுய்யா. டாக்டரம்மாவுக்குத் தகவல் எதும் வந்துச்சா?" அதன்பின் அடிக்கடி அழைத்தார். மகளிடம் கேட்க எனக்கே பயமாக இருந்த நாட்களில், அவர் ஒருவர்தான் வாய்விட்டுக் கேட்டார்.

முடிவு வந்த அன்று நானே அவரை அழைத்தேன். "கெடச்சிருச்சும்மா" என்றேன். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்:

"டாக்டரம்மா சாப்பிட்டாகளா?"