குழாய்க்கு ஸ்வெட்டர் போடும் மனிதர்

சமையலறைக் குழாயைச் சொட்டுச் சொட்டாக விழும் அளவுக்குத் திறந்து வைத்துவிட்டு, ஐஸ் அண்ணன் தலையைச் சாய்த்துச் சற்று நேரம் கேட்கிறார். சொட்டு விழுகிறது. திருப்தியோடு குளியலறைப் பக்கம் போகிறார். அவர் முதுகு மறைந்ததும் அவர் மனைவி தையல் அக்கா வந்து சமையலறைக் குழாயை இறுக்கி மூடுகிறாள். அண்ணன் திரும்பி வந்து மறுபடி திறக்கிறார், சொட்டிக்கொண்டே இருந்தால் குழாய்க்குள் தண்ணீர் உறையாதாம். குளிர்காலம் என்று நாட்காட்டி சொல்கிற மாதங்களில், இருட்டத் தொடங்கினால் இந்த வீட்டில் இதே கூத்துதான். கூடத்தில் மின்விசிறி முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும்.

"ஃபேனைப் போட்டுக்கிட்டு, குழாய்க்குக் குளிருதுன்னு சொல்றீங்களே, உங்களுக்கே சிரிப்பு வரலையா?"

"குளிர் என்ன, சொல்லிட்டா வரும்? அன்னைக்கும் முந்தின நாள் வரைக்கும் ஃபேன் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு."

அன்னைக்கு என்றால் என்றைக்கு என்று அக்கா கேட்பதில்லை. கேட்டால் தொலைந்தாள். இந்த ஊரில் ஒரே ஒரு முறை, மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, வழி தவறி வந்ததுபோல் ஒரு குளிர் வந்தது. கொடியில் காயப்போட்ட சட்டை பலகையாய் விறைத்தது. குழாய்க்குள் ஓடிய தண்ணீர் உள்ளேயே கல்லாய் இறுகிக் குழாய்களைப் பிளந்தது. வெயில் ஏறி உள்ளே இருந்த கட்டி உருகியதும், பிளந்த இடத்திலெல்லாம் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. பிளம்பரான இவருக்கு அப்போது வந்த பெயர்தான் ஐஸ் அண்ணன். குளிர் போய்விட்டது, பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் நாவில் அந்தக் குளிரும் ஒட்டிக்கொண்டது.

அடைத்த பாத்திரம் கழுவும் தொட்டியைச் சரி பண்ண யாராவது கூப்பிட்டால், தொட்டிக்கடியில் மல்லாந்து படுத்துக்கொண்டே ஆரம்பிப்பார். "அந்தக் குளிர் இருக்கே..." கால்கள் மட்டும் வெளியே தெரியும், கதை உள்ளிருந்து வரும். வீட்டுக்காரர் பாவம், கால்களைப் பார்த்து "உம்" கொட்டவேண்டும். எதைக் கேட்டாலும் அந்தக் குளிருக்கு முன்னாடி, அந்தக் குளிருக்குப் பின்னாடி என்றுதான் காலக்கணக்கு. தன் கல்யாணத் தேதி மறந்து போகும். எந்த வீட்டில் எந்த மூலைக் குழாய் வெடித்தது என்பது மறக்காது.

போதாததற்கு, குழாய்களுக்கு உடுப்பு. கார்த்திகை பிறந்துவிட்டால் வீட்டில் பழைய துணி ஒன்றும் மிஞ்சாது. கம்பளித் துணியைச் சுற்றி, சணல் கயிற்றால் இறுக்கி, இரட்டை முடிச்சுப் போட்டு, முடிச்சின்மேல் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்துவார். ஒருமுறை பட்டன் தைக்கச் சொல்லி ஒரு டீச்சரம்மா கொடுத்துவிட்டுப் போன நீல ஸ்வெட்டரையே தூக்கிக்கொண்டு போய்விட்டார் மனுஷன். டீச்சரம்மா வாங்க வந்தபோது அது கொல்லைப்புறச் சுவரோரம் குழாயைக் கட்டிக்கொண்டு நின்றது, இரண்டு கையும் முதுகுப்பக்கம் முடிச்சுப் போட்டபடி. அக்காவுக்கு மானம் போயிற்று. "இந்த வீட்டுல எனக்கு ஒரு நல்ல ஸ்வெட்டர் கிடையாது. குழாய்க்கு வேணும்!" என்று அன்றைக்குச் சட்டியைப் போட்டுடைத்தாள்.

சொட்டுச் சத்தத்தையும் பொறுத்துக்கொள்ளலாம், உடுப்பையும் பொறுத்துக்கொள்ளலாம். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வருவது அந்தக் கதையின் கடைசி வரி.

அந்தக் குளிரில் அண்ணன் தெருத் தெருவாய்ப் போய்ப் பிளந்த குழாய்களை ஒட்டிக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக் குழாயும் வெடித்தது. காய்ச்சலில் கிடந்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, முழங்கால் வரை விறைக்கும் தண்ணீரில் அக்கா, தண்ணீரை அடைக்கும் வால்வைத் தேடினாள். கிடைக்கவில்லை. ஆளனுப்பினாள். "இதோ வந்துட்டேன்னு சொல்லு" என்று பதில் வந்தது. வெயில் சாய்ந்த பிறகு ஆள் வந்தார். இந்த இடத்தில்தான் அண்ணன் தொடையைத் தட்டிச் சிரிப்பார்: "ஊருக்கெல்லாம் வால்வை மூடினேன். பிளம்பர் பொண்டாட்டிக்கு வால்வு எங்க இருக்குன்னு தெரியலங்க!"

கேட்பவர்களும் சிரிப்பார்கள். அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பாள், கோக்க வராது. வால்வு இருந்தது. இவர் கொல்லையில் கழற்றிப் போட்ட துருப்பிடித்த குழாய்க் குவியலுக்கு அடியில் இருந்தது. அதைக் கதையில் ஒருநாளும் சொன்னதில்லை. எத்தனை வருஷம் வயிறெரிந்தாலும் அவர் வாயிலிருந்து அந்த வரி வராது என்று அக்காவுக்குத் தெரியும்.

இந்த வருஷம் மகள் பிரசவமாகி வந்திருக்கிறாள். அதே அறை, அன்றைக்குக் குழாய் வெடித்த அதே சுவர், தொட்டிலில் இன்னும் பெயர் வைக்காத ஒரு சின்ன உருண்டை. போன வாரம் ஒருநாள் காலையில் ரேடியோ சொன்னது, வடக்கிலிருந்து காற்று இறங்குகிறது, அந்தக் குளிருக்குச் சமமாக வரலாம் என்று. அண்ணன் முகம் பெரிய சேதி கிடைத்த மாதிரி மலர்ந்தது. "பாத்தியா? சொன்னேனா இல்லையா?" பையைத் தோளில் மாட்டினார்.

அக்கா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "இன்னைக்குச் சாயங்காலம் நீங்க வீட்டுல இருக்கணும். கொழந்தை இருக்கு. மறுபடியும் நான் ஒருத்தியா தண்ணியில நிக்கமாட்டேன்."

"பாக்கலாம்."

பாக்கலாம் என்றால் வரமாட்டார் என்று அர்த்தம். கல்யாணம் ஆன நாளிலிருந்து தெரிந்த அகராதி அது.

அன்று பகல் முழுவதும் அவர் வீடு வீடாய்ப் போய்க் குழாய்களைச் சுற்றினார், வால்வைக் காட்டிக்கொடுத்தார், கதையும் சொல்லியிருப்பார். இத்தனை வருஷமும் அங்கேயே கிடந்த துருப்பிடித்த குவியலைத் தானே இழுத்துப் போட்டு வால்வைத் தெரியும்படி வைக்கலாம் என்று அக்கா புடவையைச் செருகிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். அங்கே குவியல் இல்லை. இடம் பெருக்கியிருந்தது. வால்வின் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தது, இரட்டை முடிச்சு. எப்போது செய்தார் என்று தெரியவில்லை. அக்காவுக்குக் கோபம் இன்னும் கூடியது. செய்தவர் வாயைத் திறந்து சொன்னால் என்ன, குறைந்தா போய்விடுவார்?

சாயங்காலம் குளிர்காற்று வலுத்துக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்தார். பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. அக்காவின் கண் அந்தப் பைமேலேயே இருந்தது. சமையலறைக் குழாய் ஏற்கெனவே சொட்டிக்கொண்டிருந்தது. குளியலறைக் குழாயும். அவர் ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கொண்ணும் சொட்டு கேக்க ஆசையில்ல. கொழந்தைக்காகத் திறந்தேன்" என்றாள் அக்கா.

அண்ணனின் செல்போன் அடித்தது. எடுத்துப் பேசினார். "வால்வ மூடிட்டீங்களா? சொட்ட விட்டீங்களா? அவ்வளவுதான், பயப்படாதீங்க." வைத்தவுடன் மறுபடி அடித்தது. இந்த முறை கூப்பிட்டவர் இப்போதே வரச் சொல்லி மன்றாடுவது அக்காவுக்கே கேட்டது. "அண்ணே, நீங்க பக்கத்துல நின்னாத் தெம்பா இருக்கும்ணே."

"இதோ..." என்றார் அண்ணன். அன்றைக்கு ஆளனுப்பியபோது வந்த பதிலும் அதே 'இதோ'தான். அவர் தொட்டிலைப் பார்த்தார், அறையின் சுவரைப் பார்த்தார். "இதோ பாருங்க, எல்லாம் சரியாத்தான் இருக்கு. நான் வீட்ட விட்டு வரமுடியாது. அன்னைக்கு இங்க வால்வு மேல குப்பையைப் போட்டு வச்சவன் நான்தான்."

அக்கா தைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

செல்போன் மறுபடி அடித்தது. அண்ணன் பையை இறக்கினார். மிச்சமிருந்த ஒரு ஸ்வெட்டர் கையை அதிலிருந்து எடுத்து, அடித்துக்கொண்டிருந்த செல்போனை அதற்குள் செருகினார். சணலால் சுற்றிச் சுற்றி இறுக்கி, இரட்டை முடிச்சுப் போட்டு, முடிச்சின்மேல் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினார்.