கழுவிய கார் திரும்பி வந்தால்

கார் சீட்டைக் கழுவுவது பெரிய விஷயமில்லை; காயவைப்பதில்தான் உயிர் போகும். கண்டி மழையில் பள்ளிக்கூடச் சட்டையைக் காயப்போட்டு, விடிந்ததும் தொட்டுப் பார்த்து வயிறெரிந்த எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான். உங்களுக்கு ஒரு சட்டை. எனக்கு நாலு விரல் தடிப்பில் ஸ்பொன்ஜ் வைத்துத் தைத்த ஐந்து சீட்! மேலே துணி காய்ந்திருக்கும், உள்ளே தண்ணீர் கமுக்கமாக உட்கார்ந்திருக்கும். ஹுன்னஸ்கிரியவிலிருந்து இறங்கி வந்து, குண்டசாலையில் முதலாளி ரிஸ்வி நானாவின் கார் கழுவும் கடையில் இந்த வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருசமாகிறது. ஒரு நாள்கூடப் பயப்படாமல் வேலை செய்ததில்லை.

வானுக்குள் முளைத்தது

சேர்ந்த முதல் மாதம். பல்லேகல பக்கம் வேலைக்கு ஆள் ஏற்றும் வான் வண்டி ஒன்று வந்தது. தண்ணீர் கூடினால் அழுக்கு சீக்கிரம் போகும் என்பது அப்போதைய என் அறிவு. வாளி வாளியாக ஊற்றித் தேய்த்தேன். சீட் பளபளத்தது. எனக்கும் பெருமை தாங்கவில்லை.

ஐந்தாம் நாள் வான் திரும்பி வந்தது. கதவைத் திறந்ததும் அடித்த நாற்றத்தில் நானா இரண்டடி பின்னால் போனார். கடைசி சீட்டின் தையலோரம் வெள்ளையாகக் குட்டிக் காளான் இரண்டு. டிரைவரைச் சமாதானம் பண்ணி அனுப்பிவிட்டு நானா என்னைக் கூப்பிட்டார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகத்தான் சொன்னார்: "செல்வம், இன்னொரு வாகனம் திரும்பி வந்திச்செண்டா, நீ திரும்பி வர வாணாம்."

சீட்டுக்கு அடியில் ஒரு முடிச்சு

அன்றிலிருந்து தண்ணீரைச் சொட்டுக் கணக்கில்தான் தெளித்தேன். ஆனால் பயம் வேறு வழியாக வந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்துக் கடை முதலாளி ஒருவருடைய பழைய கார். டிரைவர் சீட்டைக் கழற்றித் தூசு உறிஞ்சும்போது, மஞ்சள் துணியில் முடிந்த ஏதோ ஒன்று சட்டென்று குழாய்க்குள் போய்விட்டது. உள்ளே செப்புத் தகடு உரசும் சத்தம் கேட்கிறது. மந்திரித்துக் கட்டியது! கோயில் தகட்டைக் குப்பையோடு சேர்த்த பாவி ஆகிவிட்டேனே என்று வியர்த்துக் கொட்டியது. மனுசன் கோபத்தில் நானாவிடம் போய்ச் சொன்னால் என் வேலை என்னாவது?

மெஷினைக் கவிழ்த்து, தூசுக்குள் கைவிட்டுத் தேடி எடுத்தேன். ஊதித் துடைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய், "மன்னிச்சிருங்க முதலாளி, உங்க தகடு" என்றேன். அவர் அதைத் தொடவே இல்லை. முகம் வெளுத்துவிட்டது. "ஐயய்யோ, இது நான் வச்சதில்லையே தம்பி! ஏழு வருசமா யாரு வச்ச சூனியத்துக்கு மேல உக்காந்திருந்தேன்?"

ஸ்கோர் கேட்டவர்

சீட்டைக் கழற்றும்போது அடியிலுள்ள மஞ்சள் வயரையும் கழற்றவேண்டும். அது கார் மோதினால் விரியும் காற்றுப்பைக்கு, அதாவது ஏர்பேக்குக்கு, போகும் வயர். அந்த வயர் மறுபடி பூட்டப்படும்வரை யாரும் சாவியைத் திருப்பக் கூடாது. எனக்குத் தெரியும். பல்லேகல மைதானத்தில் மேட்ச் நடக்கும் நாளில் கார் கழுவக் கொண்டுவந்த மனுசருக்குத் தெரியாதே!

நான் கைகழுவப் போன நேரம், அவர் ரேடியோவுக்காகச் சாவியைத் திருப்பிவிட்டார். திரும்பி வந்து பார்க்கிறேன், ஸ்டியரிங்குக்கு முன்னால் ஏர்பேக் கோளாறு காட்டும் சிவப்பு லைட் எரிகிறது. வயரையும் சீட்டையும் பூட்டினேன், அணையவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்துக் கடை எலக்ட்ரீஷியன் வந்து கருவியை மாட்டி அணைக்கும்வரை நெஞ்சிலிருந்து கையை எடுக்கவில்லை. காருக்குச் சொந்தக்காரரோ நானாவிடம், "ஸ்கோர் கேக்கத்தானே சாவியத் திருப்பினேன், இவரு ஏன் நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு?" என்றார்.

டீச்சரின் கார்

போன மழைக்காலத்தில் பேராதனையிலிருந்து யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர் வந்தார். ஆறு வயது மகனுக்கு வீசிங், மூச்சிழுப்பு. பின்சீட்டில் பால் கொட்டி ஊறியிருந்தது. "நாளைக்குக் காலமை இவனைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகவேணும், இண்டைக்குப் பின்னேரமே தருவியளோ?" என்று கேட்டார். நானா தலையாட்டிவிட்டார்.

அன்று முழுக்க மழை. மூன்று காற்றாடி வைத்தும் பின்சீட்டின் மூலை பிடிவாதமாக ஈரமாகவே இருந்தது. எனக்கு ஒரு பரீட்சை உண்டு: சீட்டில் பேப்பரை விரித்து அதன்மேல் ஐம்பது எண்ணும்வரை உட்காருவேன். பேப்பர் நனையாவிட்டால் பாஸ். அன்று நனைந்தது. டீச்சரோ வாசலில் நிற்கிறார், நானா என்னையே பார்க்கிறார். பேப்பரைக் கசக்கிப் பொக்கெட்டில் போட்டுக்கொண்டு, "காஞ்சிருச்சி மிஸ்" என்றேன்.

கார் போய்விட்டது. வேலை முடிந்து பஸ் ஹோல்ட்டில் பஸ்ஸுக்காக நிற்கும்போது அந்தப் பேப்பரின் ஈரம் தொடையில் சில்லென்று பட்டது. காளான் ஞாபகம் வந்தது. மூடிய காருக்குள் அந்தப் பையன் காலையில் மூச்சுக்குத் திணறுவது கண்ணுக்குள் வந்தது. வேலை போனால் போகட்டும் என்று ஒரே ஓட்டமாகத் திரும்பினேன். ஷட்டரை இழுத்துக்கொண்டிருந்த நானாவிடம், "சீட்டு காயல நானா, நான் பொய் சொல்லிட்டேன்" என்றேன். அவர் போனை எடுத்து டீச்சரிடம் காரைத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னார்.

டீச்சர் இறங்கி வந்தபோது எனக்கு நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லை. "பயந்து பொய் சொல்லிட்டேன் மிஸ், புள்ளய இதுல ஏத்தாதீங்க" என்றேன். அவர் சாவியை என் கையில் வைத்தார். "நாளைக்கு நாங்கள் ஓட்டோவில போறம். வடிவாக் காயவிட்டுத் தாரும். ஒண்டும் ஆகாது எண்டு சொன்ன ஆக்களாலதான் இவன் ரெண்டு தரம் ஒக்சிஜனோட கிடந்தவன். பயப்பிடுற ஆள்தான் தம்பி எனக்கு வேணும்."

இன்னும் அதே கடையில்தான் வேலை, அதே பயம்தான். என்ன ஒன்று, இப்போது நானாவும் என்னோடு சேர்ந்து பயப்படுகிறார்.