அத்தை பெயர் அழிந்த வாணலி

ஒன்பது வயதில் எனக்கு எல்லோர்மேலும் சந்தேகம். துப்பறியும் கதைகளாகப் படித்துத் தள்ளியிருந்தேன். குற்றம் ஒன்றுதான் கிடைக்கவில்லை. கடைசியில் மர்பி டவுனில் எங்கள் வீட்டுச் சமையலறையிலேயே அது கிடைத்தது.

அப்பாவின் அக்காவான அத்தையிடம் அம்மா எப்போதோ இரவல் வாங்கிய கனமான அலுமினிய வாணலி. வெளிப்பக்கம் அத்தையின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, பாத்திரங்களுக்கு ஒட்டாத பூச்சு அடிக்கும் பட்டறையில் வேலை பார்த்தார். பூச்சு அடித்துத் தர வாணலியை வாங்கிக்கொண்டு போனார். அது திரும்பி வந்தபோது உள்ளே கருப்பு, வெளியே சாம்பல் நிறம், பெயரைக் காணோம்.

அடுத்த வாரமே அத்தை வாணலியைக் கேட்டு வந்தார்.

“இதா அண்ணி உங்களுது? பேரைக் காட்டுங்க பாக்கலாம்” என்றாள் அம்மா.

“அப்ப என்னுதை உன் தம்பி மாத்திட்டானா?”

அம்மா மறுக்கவில்லை, வாணலியைத் திரும்ப அடுப்பில் வைத்தாள். மாமா விட்டத்தைப் பார்த்தார். அன்றிலிருந்து மாமா படியேறினால் அப்பா கைக்கடிகாரத்தைக் கழற்றி பீரோவில் வைத்தார். அத்தையோ உறவுக்கெல்லாம் ‘கைநீளம்’ என்று சொல்லி முடித்திருந்தார்.

திருட்டு வாணலியைக் கண்டுபிடிக்க மாமாவின் விடுமுறை நாளில் பட்டறைக்குப் போனேன். கண்ணாடி வைத்த பெட்டிக்குள் நீளக் கையுறை மாட்டிய கைகளை விட்டு ஒருவர் பாத்திரத்தின்மேல் குழாயால் மணலைப் பீய்ச்சிக்கொண்டிருந்தார்.

“ஸ்வல்ப தள்ளி நில்லு தம்பி, தூசி. வழவழன்னு இருந்தா பூச்சு நிக்காது. இப்படி அடிச்சு சொரசொரன்னு ஆக்கணும்” என்றார் கன்னடம் கலந்த தமிழில்.

எனக்குப் பொறி தட்டியது. என் டிபன் டப்பா மூடியை நீட்டினேன். பளபளவென்று என் பெயரோடு உள்ளே போனது, திருநீறு பூசியதுபோல் வெளியே வந்தது. பெயர் இருந்த இடம் மொட்டை.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடியிருக்கையில் மூடியை நடுவில் வைத்து வழக்கை விளக்கினேன். மாமா நிரபராதி! வாணலி மாறவே இல்லை, மணல் பெயரைத் தின்றுவிட்டது, அவ்வளவுதான்.

“அப்ப இது என்னுதுதான்” என்று அத்தை வாணலியை இடுக்கிக்கொண்டு, புதுப்பூச்சோடு ஆட்டோ ஏறினார்.

கைதட்டலுக்குக் காத்திருந்தேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போனாள். மாமா என் காதருகே குனிந்தார்.

“ஏன் மாப்ளே, உன்ன யார்றா கேட்டா?”

திருட்டுப் பட்டம் நீங்கிய மனிதருக்கு ஏன் இவ்வளவு எரிச்சல் என்று எனக்கு அன்று விளங்கவே இல்லை.