என் மகளின் முன்பல்லும் இரண்டு மன்றாட்டுகளும்

1973ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, அந்தோனியார் சுருவத்துக்கு முன்னால் இரண்டு மெழுகுதிரி ஏற்றினேன். ஒன்று, என் மூத்த மகள் யசிந்தா பாடசாலைப் பல் தாதிப் பயிற்சிக்குத் தெரிவாக வேண்டும் என்பதற்கு. மற்றது, அவளுடைய உடைந்த முன்பல்லைப் பற்றி யாரும் எதுவும் கேட்கக்கூடாது என்பதற்கு. இரண்டும் சேர்ந்து நடக்க முடியாதவை என்று எனக்கு அப்போது தெரியாது. புனிதருக்குத் தெரிந்திருக்கிறது. ஒன்றை மட்டும் கேட்டருளினார். அதற்குச் சாட்சியாகத்தான் இதை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணம் குருநகரில் என்னைப் பலருக்குத் தெரியும். ஐஸ் தொழிற்சாலையில் களஞ்சியப் பொறுப்பாளன். கடலுக்குப் போகும் குடும்பத்தில் பிறந்து, வள்ளத்தில் ஏறினால் வாந்தி எடுக்கும் ஒரே ஆண்மகன். அதனால் வாசிக்கப் பழகினேன். பெருநாள் மேடையில் ஏறும் பகிடி நாடகங்கள் நான் எழுதியவை. சிரித்தவர்களுக்கு நன்றி. சிரிக்காதவர்களை மன்னித்திருக்கிறேன்.

ஒரேயொரு முறை மன்னிக்கவில்லை. 1964இல். யசிந்தாவுக்கு அப்போது பத்து வயது. புது நாடகத்தை நாலைந்து நண்பர்களுக்கு வீட்டில் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. கதவடியில் நின்ற அவள், "அப்பா, உதைப் போன வருசமும் சொன்னனீங்கள்" என்றாள். அதற்குத்தான் எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் போன பிறகு, மேசையில் கிடந்த புத்தகத்தை எடுத்து அவள் முகத்தில் அடித்தேன். வாசிகசாலைப் புத்தகம். தடித்த அட்டை. வாசிப்பு மனிதரைப் பண்படுத்தும் என்று அதே வாசிகசாலையில் நான் பேசியிருக்கிறேன்.

முன்பல் பாதி போய்விட்டது. சந்தையால் வந்த என் மனைவி பிலோமினா இரத்தத்தைக் கண்டு பதறி, என்ன நடந்தது என்று கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன் பிள்ளை சொன்னாள்: "கிணத்துக்கட்டிலை விழுந்திட்டன்."

புத்தகத்தைக் குறித்த நாளில் திருப்பிக் கொடுத்தேன். தண்டம் இல்லை.

பல் உடைந்த சத்தத்தை மட்டும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. கரையில் நடக்கும்போது காலுக்குக் கீழே சிப்பி நொறுங்கினால் எனக்கு உடம்பெல்லாம் குளிரும். யசிந்தா சிரிக்கும்போது வாயைக் கையால் மூடப் பழகினாள். என் நாடகங்களுக்கு முன்வரிசையில் இருப்பாள். நான் திரைக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். எனக்குத் தெரிவது அந்தக் கை மட்டும்தான்.

மாதம் தவறாமல் கோயில் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். "கோபப்பட்டேன் சுவாமி" என்று பொதுவாகச் சொல்வேன். அவரும் பொதுவாகப் பத்துத் தரம் 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லச் சொல்லுவார். ஒன்பது வருடம் அப்படியே ஓடியது.

அவளுக்குப் பல்கலைக்கழகம் போகப் புள்ளி போதவில்லை. தெற்கே நடந்த பல் தாதிப் பயிற்சி ஒன்றுதான் மிஞ்சியது. அதற்கு வந்த விண்ணப்பப் படிவத்தில், விண்ணப்பிப்பவரின் சொந்தப் பற்கள் நோயற்றவை என்று அரச பல் வைத்தியர் ஒருவர் கையெழுத்திட வேண்டும் என்று இருந்தது. பக்கத்து வீட்டுச் சவிரிமுத்து வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான். "பல்லுப் பாக்கிற வேலைக்கு ஓட்டைப்பல்லியை எடுப்பினமோ அண்ணை?" என்று கேட்டான். அவனைக் கோபிக்க எனக்கு உரிமை இல்லை. அந்தப் பட்டத்தை அவளுக்குச் சூட்டியவனே நான்தான். ஒரு நாடகத்திலும் சேர்த்திருந்தேன். நல்ல வரவேற்பு.

அந்தக் கிழமைதான் இரண்டு மெழுகுதிரியும் ஏற்றினேன். வெள்ளிக்கிழமை அவளைப் பல் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

வைத்தியர் இளம் ஆள். அதிகம் கதைக்காதவர். சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டு நெடுநேரம் பார்த்தார். எப்படி உடைந்தது என்று கேட்டார். அவள் கிணற்றுக்கட்டு என்றாள். அவர் அவளுடைய உதட்டைப் புரட்டினார். நாடியைத் தடவினார். பக்கத்துப் பல்லைத் தட்டினார்.

"விழுந்தால் உதடு கிழிஞ்சிருக்கும், பிள்ளை. பக்கத்துப் பல்லும் தெறிச்சிருக்கும். இது தனிய இந்தப் பல்லு மட்டும் போயிருக்கு. பலமில்லாமல் தானா உடைஞ்சதெண்டால் நான் அதைத்தான் எழுதவேணும். எழுதினால் உம்மை எடுக்கமாட்டினம்."

அவள் மறுபடியும் கிணற்றுக்கட்டு என்றாள். அவர் பேனாவைத் திறந்தார்.

நான் அப்போது செபித்தேன் என்று சொன்னால் அது பொய். 'ஆண்டவரே' என்று மட்டும் மனசுக்குள் சொன்னேன். அடுத்த சொல் வரவில்லை. சொல்லுக்குப் பஞ்சமில்லாதவன் என்று பெயர் எடுத்தவன் நான். பேனா கடதாசியைத் தொடுமுன் அறைக்குள் ஒரு குரல் கேட்டது.

"நான்தான் அடிச்சனான், டொக்டர். புத்தகத்தாலை."

அது என் குரல்தான். ஆனால் அதை நான் எழுப்பவில்லை. இன்றைக்கும் அப்படித்தான் நம்புகிறேன்.

வைத்தியர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "புத்தகத்தின்ரை எந்தப் பக்கத்தாலை?" என்றார்.

"மூலையாலை."

அடிபட்டு உடைந்தது, மற்றப் பற்கள் உறுதியானவை, உடைந்ததைச் சீர்செய்யலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டார். படிவத்தை அவளிடம் நீட்டினார். என்னிடம் அல்ல.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவள் ஒன்றுதான் கேட்டாள். "அம்மாவுக்குச் சொல்லுவியளோ?" சொல்லுவேன் என்றேன். சொன்னேன். பிலோமினா சத்தம் போடவில்லை. அன்றிலிருந்து சோற்றை வைப்பாள், என்னோடு கதைக்காமல் போவாள். நான் அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் விபரமாகச் சொன்னேன். சுவாமி பாவமன்னிப்புத் தந்தார். பிலோமினா தரவில்லை. அவளில் பிழை இல்லை.

ஆறு கிழமை கழித்துத் தெரிவுக் கடிதம் வந்தது. பிலோமினாதான் பிரித்து வாசித்தாள். இரண்டு தரம் வாசித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "பிள்ளைக்கு ஒரு பெட்டி வாங்கவேணும்" என்றாள். அவ்வளவும் எனக்குப் போதுமாயிருந்தது.

யாழ்ப்பாணம் ரயில் நிலையத்தில், அவள் ரயிலில் ஏறி யன்னலடியில் இருந்த பிறகு, ஒன்பது வருடமாக என்னைத் தின்ற கேள்வியைக் கேட்டேன். அன்றைக்கு ஏன் கிணற்றுக்கட்டு என்று சொன்னாய்?

"அம்மா கேட்டவ. நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். கனநேரம் நிண்டனான். நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை. ஆரோ ஒராள் ஏதோ சொல்லவேணும்தானே, அப்பா."

நான் வாயைத் திறக்குமுன் அவள் முந்திக்கொண்டாள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மேலே அப்படித்தான் எழுதியுமிருக்கிறேன். அழிக்காமல் விடுகிறேன். ஒரு மனிதன் தனக்குத்தானே எவ்வளவு காலம் கதை சொல்லலாம் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

அவள் இப்போது கிளிநொச்சிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் வேலை செய்கிறாள். பயிற்சிக் காலத்திலேயே பல்லைக் கட்டிவிட்டார்கள். பல் உடைந்து வரும் பிள்ளை 'விழுந்திட்டன்' என்று சொன்னால், கூட வந்தவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு இன்னொரு தரம் கேட்பாளாம். பதில் வரும்வரைக்கும் பேசாமல் காத்திருப்பாளாம். இதை அவளாக எனக்குச் சொன்னாள். ஏன் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

கேட்டருளிய அந்தோனியாருக்கு நன்றி. மற்றதைக் கேளாமல் விட்டதற்கு அதைவிடப் பெரிய நன்றி. பிறருடைய உடம்புக் குறையை வைத்து நான் இப்போது நாடகம் எழுதுவதில்லை. அதனால் நாடகங்கள் சற்றுக் குறுகிவிட்டன.

அன்பான சகோதரரே, உங்களிடமும் ஒளித்து வைத்த ஏதாவது இருந்தால், அது ஒளிந்தே கிடக்கவேண்டும் என்று மன்றாடாதீர்கள். வெளியே சொல்லத் தைரியம் கேளுங்கள். தருவார். ஆயத்தமில்லாத நேரத்தில் தருவார். மனசு லேசாகிவிடும் என்று நான் வாக்குத் தரமாட்டேன். எனக்கு ஆகவில்லை. ஆனால் விடுமுறைக்கு என் பிள்ளை வீட்டுக்கு வருகிறாள். போன முறை நான்கு நாள் தங்கி நின்றாள்.