ஏழாவது வளையம்

போன வாரம், மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு வயதுக்காரி, திடீரென்று முகத்தைச் சுளித்தாள். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவியபோது கன்னத்தோரம் ஏதோ என் விரலில் சுருக்கென்று குத்தியது. வெளியே வந்தது மிளகளவு பித்தளை வளையம். சட்டைக்கு அடிக்கும் ஐலெட் என்றுதான் முதலில் நினைத்தேன். திருப்பூர் வீடுகளில் தரையில் வேறென்ன கிடக்கும். அதன் மேல் சுற்றிய கம்பி முறுக்கைப் பார்த்ததும்தான் புரிந்தது. கிதார் கம்பியின் அடிமுனையில் இருக்கும் வளையம் அது. என்னுடையது.

கட்டிலுக்கடியில் என் பழைய பட்டன் சாம்பிள் டப்பா கவிழ்ந்து கிடந்தது. பழைய கம்பி வளையங்களைப் போட்டு, குழந்தைக்கு எட்டாது என்று நானே சுவரோரம் தள்ளி வைத்த டப்பா.

"பதறாத கண்ணு, மொத்தம் எத்தனைன்னு எண்ணிப் பாரு" என்றார் மாமியார்.

எண்ணினேன். டப்பாவில் ஐந்து, கையில் ஒன்று. கிதாருக்கு ஆறு கம்பிகள். அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்தேன்.

விரலில் பித்தளை வாடை ஒட்டியிருந்தது. கல்யாணத்துக்கு முன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்தபோது எந்நேரமும் என் கையில் அடித்த வாடை. சம்பளம் சேர்த்து ஒரு பழைய எலெக்ட்ரிக் கிதார் வாங்கியிருந்தேன். ஆண்டு விழாவில் வாசிப்பதாக ஆபீஸ் முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தேன். அதிலிருந்த பத்து கேஜ் கம்பிகள் விரலை அறுத்தன. மெல்லிசான ஒன்பது கேஜ் மாற்றினால் சுலபமாக இருக்கும் என்று படித்துவிட்டு, விழாவன்று மதியம், பேட்டர்ன் வரையும் தோழி ராகினியோடு சாம்பிள் ரூமில் உட்கார்ந்தேன். வெளிநாட்டு பையரின் ஆர்டர் தாளைப் பின்பற்றுவதுபோல வழிமுறைகளை எழுதி ஒவ்வொன்றாக டிக் அடித்தேன். விழாவன்று எவளாவது கம்பி மாற்றுவாளா என்று அந்தத் தாளில் யாரும் எழுதியிருக்கவில்லை.

மெல்லிய கம்பிக்கு இழுவை குறைவு. அதனால் கிதாரின் கழுத்து பின்பக்கம் வளைந்து, எங்கே தொட்டாலும் கரகரவென்றது. கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியைத் தளர்த்த வேண்டும். நிட்டிங் மிஷின்களைப் பழுது பார்க்கும் பிட்டர் அண்ணனிடம் அதைத் திருப்ப ஆலன் கீ கேட்டேன்.

"கால் சுத்துக்கு மேல திருப்பாதீங்க மேடம். மிசினுன்னா பார்ட்டு மாத்திப்போடலாம். இது மரமுங்க."

கால் சுற்றுதான் திருப்பினேன். கரகரப்பு நின்றது. கம்பிகளைத் தாங்கும் பாலத்துத் திருகுகளையும் சரி பார்த்து, சுருதி சேர்த்தேன். முதல் கம்பி சரியாகத்தான் நின்றது. எனக்குத்தான் சந்தேகம். இன்னும் ஒரு துளி, இன்னும் ஒரு துளி என்று முடுக்கினேன்.

படீரென்று அறுந்தது. கையிருப்பு ஒரே செட். அன்று ஐந்து கம்பிகளோடு வாசித்தேன்.

இதை நினைத்ததும் விரல்விட்டு மறுபடி எண்ணினேன். கழற்றிய பழைய கம்பிகள் ஆறு, அறுந்த புதியது ஒன்று. அப்படியானால் வளையங்கள் ஏழு.

மாமியார் ஆட்டோவைக் கூப்பிட ஓடினார். நான் ராகினியைப் போனில் கூப்பிட்டேன். கல்யாணமாகி சோமனூருக்குப் போனவள். கிதார் அவளிடம்தான் இருந்தது. நான்கு வருடங்களாக நாங்கள் பேசவில்லை. சண்டையெல்லாம் இல்லை, நான்தான் கூப்பிடவில்லை.

"இரு புள்ள, தறிச் சத்தத்துல ஒண்ணுங் கேக்கல" என்று வெளியே வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். "நாலு வருசங் கழிச்சு வளையத்தக் கேக்கறதுக்கா கூப்பிட்ட?" என்றவள், என் குரலைக் கேட்டு, "அழுவாத. அந்த அறுந்த கம்பியோட வளையம் கிதாருக்குள்ளயே மாட்டிக்கிச்சே, மறந்துட்டியா? பிட்டர் அண்ணன் நிட்டிங் ஊசிய வுட்டுக் குத்தியும் வரலை" என்றாள்.

"இப்பவும் இருக்குதா? பாத்துச் சொல்லு."

போனில், அவள் அலமாரியில் ஏதோ உருளும் சத்தம். வாசலில் ஆட்டோ ஹாரன். என் மகள் மாமியாரின் இடுப்பில் உட்கார்ந்து ஹாரனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"டார்ச் அடிச்சுப் பாத்துட்டேன். மொத கம்பி ஓட்டைக்குள்ள மின்னுது. போதுமா?" பிறகு, "கம்பியெல்லாம் கழட்டிட்டேன் புள்ள. கழுத்து வளைஞ்சு போச்சு. உங்கிட்டச் சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்றாள்.

உங்களிடம் மறைப்பானேன், அதற்குப் பிறகும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எக்ஸ்ரே பார்த்த டாக்டர் ஒன்றுமில்லை என்றார். மறுநாள் மகள் வெளிக்குப் போனதையும் குச்சியால் கிளறிப் பார்த்தேன். ராகினியிடம் இதைச் சொல்லவில்லை.

அந்தக் காலத்தில் என் இடது கை விரல் நுனிகள் காய்த்துப்போயிருந்தன. ராகினி குண்டூசியால் குத்திவிட்டு, "வலிக்குதா?" என்பாள். வலிக்காது. அதில் எனக்கு அவ்வளவு பெருமை. அந்தத் தோல் எப்போது உரிந்து போனது என்று தெரியவில்லை. பால் புட்டி கழுவிய நாட்களில் ஏதோ ஒன்றாக இருக்கும்.

அன்று காலை மகளின் வாய்க்குள் நான் விட்டது இடது ஆள்காட்டி விரல். பழைய விரலாக இருந்திருந்தால், அந்தக் கம்பி முனை குத்தியது எனக்குத் தெரிந்தே இருக்காது.