பழந்தண்ணீரில் பிழைத்த ஆமை

காலை ஆறரை மணி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில், மாரி வெள்ளம் வடிந்த சமயம். வட்டக்கச்சியில் எங்கள் கிணற்றடித் தொட்டியில் மகள் வளர்த்த ஆமைக்குத் தண்ணீர் மாற்றப் போனேன். அது சுவரைப் பிறாண்டி வெளியேறப் பார்த்தது. இரண்டு கண்களும் வீங்கி மூடிக் கிடந்தன.

எட்டு வயது மகள் நெருப்புக் காய்ச்சல் என்கிற டைபாய்டோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். கைக்குழந்தையை விட்டு என்னால் போக முடியவில்லை. என் கணவரின் தங்கை அவளோடு நின்றாள். கணவர் நாளும் சைக்கிளில் போய்ப் பார்த்து வருவார்.

"ஆமை என்ன செய்யுது எண்டு கேட்டவள். நல்லாச் சாப்பிடுது எண்டு சொல்லிப்போட்டன்" என்றார் அன்று பின்னேரம்.

"இஞ்ச வந்து பாருங்கோ, உங்கட நல்லாச் சாப்பிடுற ஆமையை!"

பார்த்தவர் தொட்டியடியில் குந்திவிட்டார். "நாளைக்குக் கேட்டால் என்னத்தைச் சொல்ல?"

"அதையே சொல்லுங்கோ. நான் தப்ப வைக்கிறன்" என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது. பிள்ளையின் காய்ச்சலை என்னால் இறக்க முடியவில்லை. இதையாவது சாக விடுவதில்லை என்று மனதுக்குள் ஒரு பிடிவாதம்.

யாழ்ப்பாணத்திலிருந்து குடியேறிய எங்கள் வீட்டில் இரவு தங்கிய தண்ணீரைப் புழங்குவதில்லை. விடிந்ததும் வாளி, குடம் எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டுப் புதிதாக அள்ளுவோம். கண் வருத்தம் வந்த ஆமைக்கு இன்னும் சுத்தமாக இருக்கட்டும் என்று காலை, மத்தியானம், பின்னேரம் என மாற்றினேன். மாற்ற மாற்ற அது இன்னும் சோர்ந்தது.

அதற்கிடையில் ஒரு காலை, பசுவுக்குப் புதுத் தண்ணீர் வைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. முற்றத்தில் நான் கவிழ்க்க மறந்திருந்த, வாயகன்ற பெரிய பாத்திரமான கிடாரத்தில் முதல்நாள் தண்ணீர் கிடந்தது. நேரே போய் அதைக் குடித்தது. இரண்டையும் நானும் முகர்ந்து பார்த்தேன். புதுத் தண்ணீரில் காரமான மணம். வெள்ளத்துக்குப் பிறகு சுகாதாரப் பகுதியினர் கிருமி சாகட்டும் என்று கிணறுகளில் போட்ட வெள்ளைத் தூளின் மணம். நாங்கள் கொதிக்க வைத்துக் குடித்ததால் எனக்கு உறைக்கவில்லை. முதல்நாள் தண்ணீரில் அந்த மணமே இல்லை. ஆமையின் கண்களை வீங்க வைத்ததும் இந்தத் தூள்தான் என்று பட்டது.

ஆமையை ஈரச் சாக்கில் வைத்தேன். கிடாரம் நிறைய அள்ளி வெயிலில் திறந்து வைத்து, அகப்பையால் அடிக்கடி கலக்கினேன்.

"என்ன தங்கச்சி, தண்ணியைக் காயப் போட்டிருக்கிறாய்? நாங்கள் நெல்லுத்தானே காயப் போடுறனாங்கள்!" என்று பக்கத்துக் காணி அக்கா வேலிக்கு மேலால் சிரித்தார். "பேசாமல் வாய்க்காலிலை விடு."

"பிள்ளை வந்து விடட்டும் அக்கா. நான் விடமாட்டன்."

மறுநாள் மணம் போனபிறகே தொட்டியில் ஊற்றினேன். அதன்பிறகு ஒரு நாள் வைத்த தண்ணீர்தான். விடியும்போது கிடாரத்தைக் கவிழ்க்கக் கை தானாகப் போகும், இழுத்துக்கொள்வேன். மெல்ல ஒரு கண் கீறலாகத் திறந்தது. பிறகு மற்றது. ஒருநாள் கீரைத்தண்டைக் கவ்வி இழுத்தபோது நான் தனியே நின்று சிரித்தேன்.

 கைக்கு எட்டிய ஒன்றை விடாமல் செய்ததால்தான் எட்டாததைப் பொறுத்திருக்க முடிந்தது என்று இப்போது புரிகிறது. கடைசியில் ஒரு மத்தியானம், சைக்கிளில் தகப்பனின் தோளைப் பிடித்தபடி, எலும்பும் தோலுமாக மகள் வந்து இறங்கினாள். என்னைத் தாண்டிப் போய்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"பாவம் அம்மா, இவர் என்னைவிட மெலிஞ்சு போனார்!"