அத்தையின் வேண்டுதல்

என் அத்தைக்கு ஒவ்வொரு ஆடி மாதமும் மொட்டை போடுவார்கள். வேண்டுதல் என்று சொல்வார்கள். வேண்டிக்கொண்டது அத்தை அல்ல, என் அம்மா.

அத்தை என் அப்பாவின் தங்கை. பிறந்ததிலிருந்தே அவருடைய கைகால்கள் சொன்னபடி கேட்காது. பேச்சு உண்டு, ஒவ்வொரு சொல்லும் இழுத்து இழுத்து வரும். அவர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் எங்கள் வீட்டில் யாராவது அதை முடித்துவிடுவார்கள். "தண்ணி" என்று ஆரம்பித்தால் சொம்பு வாயருகே வந்துவிடும். தண்ணி வேண்டாம், காபி வேண்டும் என்று அவர் சொல்ல வந்தது அந்தத் தண்ணீரோடு உள்ளே போய்விடும். இதற்கு எங்கள் வீட்டில் பாசம் என்று பெயர். வயது முப்பதைத் தாண்டியும் வீட்டிலும் தெருவிலும் அவர் "பாப்பா"தான்.

பாப்பாவுக்குக் கால் வரவேண்டும் என்பது அம்மாவின் வேண்டுதல். கால் வரவில்லை. முடி மட்டும் வருடா வருடம் போய்க்கொண்டிருந்தது.

அத்தையின் கழுத்து ஒரு நிலையில் நிற்காது. தலை வாருவதென்றால் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும், ஒருவர் சிக்கெடுக்க வேண்டும். அம்மா பால் கறந்து, சோறு வடித்து, என்னைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு இதையும் செய்ய வேண்டும். அம்மாவுக்குக் கூடமாட ஒத்தாசை செய்ய யாரும் இல்லை என்பது உண்மை. அப்பா ஒருநாளும் அந்தச் சீப்பைத் தொட்டதில்லை என்பதும் உண்மை. முடி இல்லாமலிருப்பது எல்லோருக்கும் வசதியாக இருந்தது. வசதி என்று சொல்லக் கூச்சப்பட்டுச் சாமியின் பெயரைச் சொன்னார்கள்.

காலையில் எனக்குப் பின்னல் போடும்போது அம்மா கேட்பார், "செவப்பு ரிப்பனா, நீலமா?" பக்கத்தில் சுவரோடு சாய்த்து உட்காரவைக்கப்பட்டிருக்கும் அத்தை என் தலையையே பார்த்துக்கொண்டிருப்பார். சில நாள் நான் வாய் திறக்குமுன் அவர், "நீ... லம்" என்பார்.

"உன்னியா கேட்டேன்?" என்று அம்மா சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

நான் நான்காவது படித்த ஆண்டு ஆடியில் தம்பிக்குக் காது குத்தினார்கள். உத்திரமேரூரில் வேன் பிடித்து, வந்தவாசி சாலையில் உள்ள குலதெய்வக் கோயிலுக்குப் போனோம். தகரக் கொட்டகையில் தம்பிக்கு மொட்டை முடிந்தது. மொட்டை போடுகிறவர் கத்தியில் பிளேடை மாற்றிக்கொண்டே அத்தையின் தலைக்கு மேலாக அப்பாவைப் பார்த்துக் கேட்டார், "பாப்பாவுக்கும் தானே?"

அப்பா தலையாட்டிவிட்டு அத்தையின் தலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் அவர் அந்தத் தலையைத் தொடுவார், கத்திக்கு ஆடாமல் இருக்க.

"வா... ணாம்" என்றார் அத்தை.

"வலிக்காது பாப்பா. பூ மாரி எடுப்பாரு" என்றார் அப்பா.

"புடி... க்கல."

"வேர்வையில தல நாறுது, புடிக்கலயாம்" என்றார் அம்மா.

தண்ணீரைத் தெளித்தாயிற்று. கத்தி நெற்றிக்கு வந்தது. அத்தை மூச்சைக் கூட்டிக்கொண்டு, நான் அதுவரை கேட்டிராத உரத்த குரலில் சொன்னார்.

"நா... வேண்டிக்கினு... கீறேன்."

அந்த வாக்கியத்தை முடித்துவைக்க யாருக்கும் தெரியவில்லை. அத்தையும் எதையாவது வேண்டிக்கொள்ள முடியும் என்று யாரும் நினைத்ததே இல்லை. மொட்டை போடுகிறவர் கத்தியை எடுத்துவிட்டு முதல்முறையாக அத்தையின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"இன்னான்னு வேண்டிக்கினம்மா?"

அவர் வாயில் "பாப்பா" போய் "அம்மா" வந்துவிட்டது.

"முடி... வளக்கறேன்னு. ஆத்தாவுக்கு. வெட்டினா... குத்தம்."

மொட்டை போடுகிறவர் எழுந்து கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "சாமி சமாச்சாரம். நம்மளால ஆவாதுண்ணா."

அப்பாவின் கைகள் தாமாகவே விலகின. அம்மா விடவில்லை. "எப்படி வேண்டிக்கின? எதுக்கு?"

"சொல்ல... கூடாது."

"அப்போ என் வேண்டுதல் இன்னாவறது?"

"ஒன் தலயில... குடு... அண்ணி."

கொட்டகையில் காத்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அம்மாவின் கை சட்டென்று தன் கொண்டைக்குப் போனது. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, விறுவிறுவென்று வேனில் போய் உட்கார்ந்தார்.

அன்று அத்தையின் "வாணாம்" போதவில்லை. "புடிக்கல" போதவில்லை. "ஆத்தா" என்ற சொல் போதுமானதாக இருந்தது. இத்தனைக்கும் அந்த ஆத்தா எங்கள் வீட்டில் ஒருநாளும் சாப்பிட்டதில்லை, தூங்கியதில்லை. அத்தை தினமும் அங்கேதான் இருந்தார்.

முடி வளர்ந்தது. அதற்கு வீட்டில் "சாமி முடி" என்று பெயர் வந்தது. அத்தையின் முடிக்குக் கிடைக்காத சீயக்காயும் தேங்காயெண்ணெயும் சாமியின் முடிக்குக் கிடைத்தன. சிக்கு விழுந்தால் தெய்வக் குற்றமாகிவிடும் என்று அப்பாகூடக் காலையில் வந்து தலையைப் பிடித்துக்கொண்டார். அம்மா முணுமுணுத்தபடி வாருவார். தோளுக்குக் கீழே இறங்கியதும் பின்னினார். அத்தை என்னுடைய ரிப்பனைக் கண்ணால் காட்டுவார். நீலம்தான்.

எனக்கு ஒரே கவலை. ஒவ்வொரு ஆடிக்கும் அத்தையிடம் போய்க் கேட்பேன், "வேண்டிக்கினது நடந்திச்சா அத்த?"

"இன்னும்... இல்ல" என்பார். சொல்லும்போது வாயோரம் ஒரு சிரிப்பு இழுத்துக்கொண்டு வரும். அத்தை அப்படி என்ன பெரிதாகக் கேட்டிருப்பார், சாமி ஏன் இவ்வளவு இழுத்தடிக்கிறது என்று எனக்குச் சாமிமேல் கோபமாக வரும். அத்தை கேட்டதைச் சீக்கிரம் கொடுத்துவிடு என்று நானும் தனியாக வேண்டிக்கொள்வேன்.

அத்தை சாமியிடம் எதையுமே கேட்கவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. அவர் கேட்டதெல்லாம் எங்களிடம்தான்.